மூன்று சொற்களில் ஒன்று: சேர்வராயன் மலையும் ஒரு பெருந்தொழில் நிறுவனத்தின் நிலைபேற்று அறிக்கையும்

திறனாய்வுப் பகுதியில் இறையியல் நூல் ஒன்றையோ கவிதைத் தொகுதி ஒன்றையோ நம் வாசகர் எதிர்பார்ப்பது இயல்பு. இம்முறை நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு வகை எழுத்தாகும். பெருந்தொழில் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் நிலைபேற்று அறிக்கையே அது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் 1,000 நிறுவனங்கள் தம் பொறுப்பையும் நிலைபேற்றையும் பற்றிய அறிக்கையைக் கட்டாயமாக அளிக்க வேண்டும் என்னும் செபியின் விதி 2022-23 நிதியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே, இவ்வகை எழுத்து இனிப் பெருகுமேயன்றிக் குறையாது.

இது வணிகரின் வேலை, இறையியலாருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். அறிக்கைகளின் சொற்களைக் கவனிப்போமானால் விடை கிடைக்கும். பொறுப்பு, கணக்கொப்புவித்தல், வருந்தலைமுறையின் நலன், படைப்பைப் பேணுதல் ஆகியவை நம் பிரசங்க பீடத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்கள். நம் சொற்களைப் பிறர் எடுத்து ஆளும்போது, அவற்றின் பொருள் முழுமையாக எடுக்கப்பட்டதா, பாதி விடப்பட்டதா என்று பார்ப்பது நம் கடமைகளுள் ஒன்று. இவ்வாய்வை நாம் ஓர் இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறோம். அவ்விடம் ஏற்காட்டை அடுத்த சேர்வராயன் கோயில்.

மலையும் தாதுவும்

ஏற்காட்டிலிருந்து சற்றுத் தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் 5,326 அடி உயரத்தில், தட்டையான உச்சி நிலத்தில் அமைந்துள்ளது சேர்வராயன் கோயில். குகையே கருவறையாக உள்ள இக்கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் வணங்கப்படுகின்றனர். இம்மலைத்தொடருக்குப் பெயர் தந்தவர் இத்தெய்வமே. மலையாளிகள் எனப்படும் மலைவாழ் பழங்குடியினர் ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே கூடி விழா எடுக்கின்றனர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வந்த பெயரே மலையாளிகள் என்பது. கேரள நாட்டினரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளலாகாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் என்றும், அவர்கள் பிரிந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்றும் அவர்களின் மரபுக் கதை கூறும்.

இம்மலையின் உடற்கூறு சார்னோக்கைட்டு என்னும் மிகப் பழமையான பாறையாகும். வெப்பமும் மழையும் எண்ணற்ற ஆண்டுகள் அப்பாறையைச் சிதைத்து, கரையக்கூடியவற்றைக் கரைத்துக் கொண்டுபோக, உச்சியில் எஞ்சி நின்றதே பாக்சைட்டு. எனவே பாக்சைட்டு மலையடிவாரத்தில் கிடைப்பதில்லை. தட்டையான மலைமுடிகளில்தான் கிடைக்கிறது. தெய்வம் குடியிருப்பதாக மலைமக்கள் நம்பும் இடமும், நிலவியலார் தாது இருப்பதாகக் காட்டும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இது தற்செயல் அன்று. ஒடிசாவின் நியம்கிரியிலும் நிலைமை இதுவே.

சேர்வராயன், கொல்லி மலைகளின் பாக்சைட்டை நம்பி எழுந்தது மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ. 1960-இல் பதிவுபெற்ற இந்நிறுவனம் இத்தாலி நாட்டு மாண்டிகாட்டினி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அலுமினியத்திற்குத் தாதுவைப்போலவே மின்சாரமும் இன்றியமையாதது. ஒரு டன் உலோகம் எடுக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் செலவாகும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்மின்சாரமே ஆலையை அவ்வூருக்கு ஈர்த்தது. 1995-இல் ஸ்டெர்லைட் நிறுவனம் மால்கோவைத் தன்வயப்படுத்திற்று. அதன்வழி அது வேதாந்தா குழுமத்தின் அங்கமாயிற்று. 2008-இன் இறுதியில் மேட்டூர் உருக்காலை நிறுத்தப்பட்டது.

ஒரு டன் அலுமினியத்திற்கு ஏறத்தாழ நான்கு டன் அல்லது அதற்கு மேலான பாக்சைட்டு தேவை. உலோகம் போக எஞ்சுவதில் பெரும்பகுதி செஞ்சேறு எனப்படும் காரத்தன்மை மிக்க கழிவு. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா நகரையொட்டிய ஆலையின் செஞ்சேற்றுத் தேக்கம் உடைந்து பத்துப் பேர் மாண்டதை நினைவிற் கொள்வோர், அச்சேற்றை வெறும் மண்ணென்று கருதமாட்டார்கள். ஆகவே நாற்பது ஆண்டுக் காலத்தில் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொன்னால், காவேரி அம்மன் வீற்றிருக்கும் மலைத்தொடரின் உச்சிமண் காவேரிக் கரைக்கு இறங்கியது. அதில் ஒரு பங்கு உலோகமாக வெளியூர் சென்றது. மறுபங்கு சேறாக மேட்டூரிலேயே தங்கிவிட்டது.

அறிக்கை சொல்வது

இனி, வேதாந்தா குழுமம் தன் நிலைபேற்றுக் குறிக்கோள்களாக வெளியிட்டுள்ளவற்றைப் பார்ப்போம். தீங்கு இன்மை, கழிவு இன்மை, வெளியேற்றம் இன்மை என்னும் மூன்று இன்மைகளை அது நெடுங்காலமாகத் தன் கொள்கையாகக் கூறிவருகிறது. அண்மை ஆண்டுகளில் சமுதாயம், பூவுலகு, பணியிடம் என்னும் மூன்று தூண்களின்மேல் ஒன்பது நோக்கங்களை அது அடுக்கியுள்ளது. 2050-க்குள் அல்லது அதற்கு முன்பே கரியமில வாயுவின் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவது, இதற்கெனப் பத்தாண்டுகளில் 500 கோடி டாலர் ஒதுக்குவது, 2030-க்குள் தான் எடுப்பதைவிட மிகுதியான நீரை இயற்கைக்குத் திருப்பித் தருவது, 2021-ஆம் நிதியாண்டை அடிப்படையாகக் கொண்டு 2030-க்குள் வெளியேற்றத்தில் கால்பங்கைக் குறைப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அங்கன்வாடிகளைச் சீரமைக்கும் நந்த் கர் திட்டமும், பெண்கள், குழந்தைகளின் கல்வி, ஊட்டச்சத்து பற்றிய உறுதிமொழிகளும் சமுதாயத் தூணில் அடங்கும்.

இவற்றை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. நிலக்கரி மின்சாரத்தைச் சார்ந்து நிற்கும் ஓர் அலுமினியத் தொழில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திற்கு ஒரு பங்கேனும் மாறுமானால் அது நன்மையே. செஞ்சேற்றையும் உலைச்சாம்பலையும் சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்புவதும் நன்மையே. இக்குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் 2023-இல் எஸ் அண்டு பி குளோபல் நடத்திய நிலைபேற்று மதிப்பீட்டில் உலோக, சுரங்கத் துறையின் முதலிடத்தைப் பெற்றதும் உண்மையே. அளக்கப்படுபவை முன்னேறியிருக்கின்றன என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம். அறிக்கை பொய் சொல்கிறது என்பது நம் குற்றச்சாட்டு அன்று. எதை அளப்பது, எங்கிருந்து அளப்பது, யார் அளப்பது என்னும் மூன்று முடிவுகளும் அறிக்கையின் முதல் எண் எழுதப்படுமுன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன என்பதே நாம் சுட்ட விரும்புவது.

எடுத்துக்காட்டாக, அடிப்படை ஆண்டை நோக்குவோம். 2021-ஐ அடிப்படையாகக் கொண்டால், 2008-இல் நின்றுபோன மேட்டூர் கணக்கிற்குள் வருவதற்கு வழியே இல்லை. மலையுச்சியில் வெட்டப்பட்ட குழிகளும் ஆற்றங்கரையில் தங்கிய சேறும் வெளியேற்றப் பட்டியலின் எந்த நிரலிலும் அமையா. எதிர்காலக் குறைப்பை அளக்க ஓர் அடிப்படை ஆண்டு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடன்பட்டவன் தன் கணக்கேட்டைப் புதிய பக்கத்தில் தொடங்குவதால் பழைய கடன் தீர்ந்துவிடுவதில்லை.

நைரோபியில் சொல்லப்பட்ட மூன்று சொற்கள்

‘நிலைபேறு’ என்னும் கருத்து வணிக உலகிற்கு எங்கிருந்து வந்தது? 1987-இல் புருந்த்லாந்து அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் அமைத்த ஆணையத்தின் அறிக்கையிலிருந்து என்பதே பலரும் சொல்லும் விடை. ஆனால் திருச்சபைகளின் வரலாற்றில் இச்சொல்லுக்கு அதற்கும் முந்திய இடம் உண்டு. 1974-இல் ருமேனியாவின் புக்காரெஸ்டு நகரில் உலகத் திருச்சபைகளின் மாமன்றம் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் குறித்து நடத்திய மாநாட்டில், நிலைபேறுடைய சமுதாயம் என்னும் கருத்து விவாதிக்கப்பட்டது. 1975-இல் நைரோபியில் கூடிய ஐந்தாம் பேரவையில் ஆஸ்திரேலிய உயிரியலாளர் சார்ல்ஸ் பர்ச் இக்கருத்தை வற்புறுத்திப் பேசினார். நம் நாட்டவராகிய எம். எம். தாமஸ் அவர்கள் அக்காலத்தில் மாமன்றத்தின் மையக் குழுவுக்குத் தலைமை வகித்து வந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பேரவைக்குப் பின்னர் மாமன்றம் வகுத்த திட்டத்தின் பெயர், நீதியும் பங்கேற்பும் நிலைபேறும் உடைய சமுதாயம் என்பதாகும். மூன்று சொற்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் உலகத் திருச்சபைகளுக்கு அன்றே ஓர் ஐயம் இருந்தது. இயற்கையைக் காக்க வேண்டும் என்னும் பெயரால் ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தடை விதிக்கப்படுமோ என்று அவை அஞ்சின. எனவேதான் நிலைபேறு தனித்து நிற்க விடப்படவில்லை. நீதி அதற்கு முன்னும், பாதிக்கப்படுவோரின் பங்கேற்பு அதற்கு இடையிலும் வைக்கப்பட்டன. நீதியின்றி நிலைபெறும் ஒரு சமுதாயம், அநீதியை நிலைபெறச் செய்யும் சமுதாயமே என்பதை அன்றையோர் அறிந்திருந்தனர்.

இவ்வளவுகோலைக் கொண்டு அறிக்கையை வாசிப்போமானால், அதன் முதன்மையான குறை வெளிப்படுகிறது. மூன்று சொற்களில் மூன்றாவதே எண்ணாகவும் இலக்காகவும் விரிக்கப்பட்டிருக்கிறது. நீதி, நலத்திட்டமாகச் சுருங்கிவிட்டது. பங்கேற்பு, கலந்தாலோசனை என்னும் மென்மையான பெயரைப் பெற்றுவிட்டது.

பங்கேற்பு: இரண்டு மலைகள்

பங்கேற்பு என்றால் என்ன என்பதை இக்குழுமத்தின் வரலாறே நமக்குக் கற்பிக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையை அங்குள்ள டோங்கிரியா கோந்து மக்கள் தம் தெய்வமாகிய நியம் ராஜாவின் இருப்பிடமாகப் போற்றுகின்றனர். மலையடிவாரத்திலுள்ள லாஞ்சிகர் ஆலைக்காக அம்மலையின் பாக்சைட்டை வெட்டும் திட்டத்திற்கு 2010-இல் மத்திய அரசு வன அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 ஏப்ரல் 18 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி மலைமக்களின் கிராம சபைகளே தம் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதை ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. மலை தப்பிற்று.

சேர்வராயன் மலைக்கு இப்படியொரு நாள் வரவில்லை. 1960-களில் தாது வெட்டத் தொடங்கியபோது வன உரிமைச் சட்டம் என்று ஒன்று இருந்ததில்லை. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாமையால், அப்பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையும் இம்மலைமக்களுக்கு இல்லை.  சேர்வராயனின் பிள்ளைகள் கூடி வேண்டாம் என்று சொல்லி, அச்சொல்லுக்குச் சட்டம் கீழ்ப்படிந்தது என்று வரலாறு எழுதப்படவில்லை.

இரு மலைகளுக்கும் இடையிலான இவ்வேறுபாடு நமக்கு ஒரு பாடம். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கலந்தாலோசனை என்பது முன்னரே முடிவான ஒன்றை அறிவிக்கும் சடங்காகிவிடும். 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தில் ஆகாப் நாபோத்திடம் முதலில் கலந்தாலோசிக்கவே செய்கிறான். அதைவிட நல்ல திராட்சத்தோட்டம் தருவதாகவோ விலை தருவதாகவோ கூறுகிறான். இன்றைய அளவுகோலின்படி அது நியாயமான இழப்பீடே. நாபோத்து விலையைப் பற்றிப் பேசவே மறுக்கிறான். அது தன் பிதாக்களின் சுதந்தரம் என்கிறான். ஆகாபின் உண்மைத் தன்மை அம்மறுப்பிற்குப் பிறகே வெளிப்பட்டது என்பதை நம் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் அறிக்கையிலும் நாம் தேட வேண்டியது எத்தனை கூட்டங்கள் நடத்தப்பட்டன என்பதன்று. மக்கள் மறுத்த இடங்கள் எவை, மறுத்தபின் நிறுவனம் என்ன செய்தது என்பதே. 2023-இல் இக்குழுமம் ஏலத்தில் பெற்ற ஒடிசாவின் சிஜிமாலி மலையிலும் பழங்குடியினரின் எதிர்ப்பு எழுந்துள்ள நிலையில் இக்கேள்வி பழங்கதை ஆகிவிடவில்லை.

நீதி: சகேயுவின் இரு வாக்குகள்

நீதியைப் பற்றிய பகுதிக்கு வருவோம். 2013 ஏப்ரல் மாதத்திலேயே, நியம்கிரித் தீர்ப்புக்குப் பதினாறு நாள்களுக்கு முன்னர், ஏப்ரல் 2 அன்று, உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியிருந்தது. தூத்துக்குடியிலுள்ள ஸ்டெர்லைட் தாமிர ஆலை இயங்கலாம் என்றும், ஆனால் சுற்றுச்சூழலுக்கு விளைவித்த கேட்டிற்காக 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2018 மே மாதம், ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்தும் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதம் 28-இல் அரசு ஆலையை மூட ஆணையிட்டது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளின. சுட்டது காவல்துறை, நிறுவனமன்று. தன்மேல் சாட்டப்பட்ட மாசுக் குற்றங்களை நிறுவனம் மறுத்தே வந்துள்ளது. இவ்விரண்டையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். ஆயினும் தீங்கு இன்மை என்னும் சொல் எழுதப்பட்ட நாட்டில்தான் இவை யாவும் நிகழ்ந்தன.

இவ்விடத்தில் லூக்கா நற்செய்தியின் இரண்டு மனிதர் நமக்கு உதவுகின்றனர். பதினெட்டாம் அதிகாரத்துப் பரிசேயன் ஆலயத்தில் ஒப்புவிப்பது ஓர் அறிக்கையே. வாரத்திற்கு எத்தனை முறை உபவாசம், வருவாயில் எத்தனை பங்கு தசமபாகம் என்று எண்களோடு அவன் பேசுகிறான். அவ்வெண்கள் பொய் என்று இயேசு கூறவில்லை. மற்றவரோடு ஒப்பிட்டுத் தன் தரவரிசையையும் அவன் சொல்லிக்கொள்கிறான். ஆயினும் நீதிமானாக வீடு திரும்பியவன் அவனல்லன். கணக்கில் குறை இல்லை; கணக்கிற்குள் தன் குற்றத்திற்கு அவன் இடமே வைக்கவில்லை.

அடுத்த அதிகாரத்துச் சகேயு வேறுவிதமாகப் பேசுகிறான். அவன் வாக்கு இரு பகுதி உடையது. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்வது முதற்பகுதி. எவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கியிருந்தால் அதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொல்வது இரண்டாம் பகுதி. முதற்பகுதி ஈகை. இரண்டாம் பகுதி ஈடு. ஈகையைப் பெறுவோர் பொதுவாக ஏழைகள். ஈட்டைப் பெறுவோர் குறிப்பிட்ட மனிதர், தன்னால் இழந்தவர். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவில், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் இரு விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அது சகேயுவின் முதல் வாக்கைச் சட்டமாக்கிற்று. இரண்டாம் வாக்கு அறிக்கைகளில் இன்னும் இடம்பெறவில்லை. எங்கோ ஒரு மாநிலத்தில் திறக்கப்படும் அங்கன்வாடி நல்லதே. அது மேட்டூர்ச் சேற்றுக்கு ஈடாகாது. இராஜஸ்தானத்தின் ஏரிக்குத் திருப்பித் தரப்படும் நீர், சேர்வராயன் மலைச்சரிவின் ஊற்றுக்குத் திருப்பித் தரப்பட்டதாகாது. நிகரக் கணக்கு என்பது உலகளாவிய காற்றுக்குப் பொருந்தலாம். ஊர்தோறும் வேறுபடும் மண்ணுக்கும் ஊற்றுக்கும் அது பொருந்தாது.

ஓர் எதிர்வாதம்

இங்கே நம்மை நோக்கி ஒரு வினா எழும். அலுமினியம் இன்றி நாம் வாழ்கிறோமா? சிற்றூர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியும், சூரிய ஒளித் தகடுகளின் சட்டமும், ஏழையின் அடுப்பிலிருக்கும் பாத்திரமும் அலுமினியமே. மேட்டூர் ஆலை மூடியபோது வேலை இழந்தவரும் நம் சபை மக்களைப் போன்ற உழைப்பாளிகளே; தூத்துக்குடியிலும் அவ்வாறே. இவ்வினாவைத் தட்டிக்கழிப்போமானால் நம் திறனாய்வு பயனற்றதாகும்.

நாம் கூறும் விடை இது. அலுமினியம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. எந்த மலையிலிருந்து, யாருடைய ஒப்புதலோடு, எவ்வளவு என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்கு ஆம் என்று விடை சொன்னதனாலேயே இரண்டாவது தீர்ந்துவிடாது. பயன்படுத்திய அலுமினியத்தை மீண்டும் உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். அங்கே மலையும் வேண்டாம், செஞ்சேறும் இல்லை. ஆகவே ஓர் அலுமினிய நிறுவனத்தின் நிலைபேற்றை அளக்கும் நேர்மையான எண்களுள் ஒன்று, புதிய மலைகளிலிருந்து எடுக்கும் தாதுவின் அளவு ஆண்டுக்காண்டு குறைகிறதா என்பதாகும். உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டே ஒவ்வொரு டன்னுக்குமான மாசைக் குறைப்பது திறமை. அதை அளவறிதல் என்று கூற இயலாது. தொழிலாளரைப் பொறுத்தமட்டில், ஆலை நிற்கும் நாளுக்கென அவர்களுக்கு என்ன சேமித்து வைக்கப்பட்டது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டிய ஒன்றே. நீதியும் பங்கேற்பும் அவர்களுக்கும் உரியவை.

திருச்சபையின் கணக்கு

பிறர் கணக்கைப் பார்த்த கண்ணால் நம் கணக்கையும் பார்த்தாக வேண்டும். 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை, தன் அறநெறி முதலீட்டு ஆலோசனைக் குழுவின் கருத்தை ஏற்று, வேதாந்தாவில் தனக்கிருந்த பங்குகளை விற்றுவிட்டது. நார்வே நாட்டு ஓய்வூதிய நிதி 2007-லேயே விலகியிருந்தது. இச்செயல்கள் அன்று நியம்கிரிக்கு உலக அரங்கில் வலுச்சேர்த்தன என்பதில் ஐயமில்லை. எனினும் இறையியல் நோக்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்கை விற்பவர் தம் கையைக் கழுவுகிறார். பங்கு மற்றொருவர் கைக்குப் போகிறது. அதுவரை பெற்ற ஆதாயத்தை என்ன செய்வது என்னும் கேள்வி, சகேயுவின் இரண்டாம் வாக்கு, அங்கும் எஞ்சி நிற்கிறது.

சேர்வராயன் மலையிலும் நம் வரலாறு தூயதன்று. ஆங்கிலேய ஆட்சியில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. மலைமக்களில் பலர் தம் மலையிலேயே கூலிகளாயினர். தோட்டத் துரைமார்களுக்கென எழுந்த ஆலயங்களில் நாம் இன்றும் ஆராதிக்கிறோம். இந்திய நிலவியலில் பெரும்பெயர் பெற்ற இராபர்ட் புரூஸ் ஃபுட் இறுதிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் நினைவுக்கல் அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலய வளாகத்தில் உள்ளது. மலையின் கல்லை எழுத்தெண்ணிக் கற்றவர்களை நம் சபை ஈன்றது. மலையின் மக்களை அவ்வளவு கவனத்தோடு கற்றோமா? குகைக்குள் இருக்கும் தெய்வத்தை மூடநம்பிக்கை என்று நம் முன்னோர் எளிதாகக் கடந்து சென்றனர். அம்மலை புனிதமானது என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் அது வெறும் தாதுவாகக் காணப்படுவதற்கு நாமும் ஒரு வகையில் வழிவகுத்தோம். அத்தெய்வத்தை நாம் வணங்க வேண்டுவதில்லை. ஆனால் மலைக்கு எல்லை ஒன்று உண்டு என்று அம்மக்கள் அறிந்திருந்ததை நாம் மதித்திருக்க வேண்டும்.

இன்று நம் பேராயங்களும் நிறுவனங்களும் நிலங்களை உடையவை. கட்டடங்களை எழுப்புகின்றன, சொத்துகளைக் குத்தகைக்கும் விற்பனைக்கும் விடுகின்றன. அவற்றின் ஆண்டுக் கணக்கில் மரமும் நீரும் குடியிருப்போரின் ஒப்புதலும் எந்த நிரலில் எழுதப்படுகின்றன? செபியின் விதிக்கு உட்பட்ட நிறுவனம் இக்கேள்விகளில் சிலவற்றுக்கேனும் விடையெழுதியாக வேண்டும். நமக்கு அக்கட்டாயமும் இல்லை.

ஆயருக்கும் மாணவருக்கும்

யோபு நூலின் 28-ஆம் அதிகாரம் சுரங்கத் தொழிலைப் பற்றிய ஒரு வியப்புக்குரிய பகுதி. மனிதன் இருளுக்கு முடிவு காண்பதையும், பறவையும் அறியாத பாதையில் இறங்குவதையும், மலைகளை வேரோடு புரட்டுவதையும் அது பழிக்கவில்லை, வியந்தே பேசுகிறது. ஆனால் அத்தனை ஆற்றலையும் விவரித்தபின், ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறது. அவ்வினாவே இத்திறனாய்வின் சாரம். அறிக்கைகளில் ஆற்றல் நிரம்ப இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்னும் அறிவு அவற்றில் அரிதாக உள்ளது.

நம் ஆயர்களுள் பலர் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அருகிலுள்ள சபைகளில் ஊழியம் செய்கின்றனர். சபை மக்களில் சிலர் ஆலையில் வேலை செய்வர். சிலர் ஆலைப் புகையில் இருமுவர். பல வேளைகளில் இருவரும் ஒரே குடும்பத்தினராய் இருப்பர். நிறுவனம் ஓர் அறிக்கையைக் கொணர்ந்து, சபையின் பள்ளிக்குக் கட்டடமும் தர முன்வரும்போது, ஆயர் நான்கு வினாக்களை எழுப்பலாம். இக்கணக்கு எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் நடந்ததற்குப் பொறுப்பேற்பவர் யார்? மக்கள் மறுத்த இடம் ஒன்றேனும் இதில் எழுதப்பட்டிருக்கிறதா? கொடுத்ததன் பட்டியலோடு, திருப்பிக் கொடுக்க வேண்டியதன் பட்டியலும் உண்டா? இதை நம் ஊராரின் மொழியில், ஊரார் கூடியிருக்கும்போது, படித்துக்காட்டி வினாக்களுக்கு விடைசொல்ல நிறுவனம் ஒப்புமா? கட்டடத்தை ஏற்பதும் மறுப்பதும் அவ்விடைகளைக் கேட்டபின் சபை கூடி முடிவு செய்ய வேண்டியது.

லூக்கா 16-இல் உக்கிராணக்காரன் தன் எஜமானிடம் கணக்கொப்புவிக்க அழைக்கப்படுகிறான். அக்கணக்கைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் தன்மை அமையும். பங்குதாரருக்கு எழுதப்படும் கணக்கு பங்குதாரரின் அச்சங்களுக்கு விடை கூறும். பூமியும் அதன் நிறைவும் கடவுளுடையது என்று நாம் அறிக்கையிடுவது மெய்யானால், கணக்கைக் கேட்கும் உரிமை அவரால் அவ்விடத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு முதலாவது உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் கோயிலில் கூடும் அம்மக்களுக்கு அவர்களுடைய மலையின் கணக்கு இன்னும் வாசித்துக் காட்டப்படவில்லை. அது வாசிக்கப்படும் நாளில்தான் நிலைபேறு என்னும் சொல்லோடு, விடப்பட்ட மற்ற இரண்டு சொற்களும் வந்து சேரும்.